செனட்டருக்கு ஒரு மனு, இணைப்பு: ஒன்று

1

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால், அதற்குள் என்னைப் பற்றி உங்களுக்கு ஏதாவது நல்ல அபிப்பிராயம் வந்திருக்கும். அதைக் கலைப்பது பாவம்.

அமெரிக்க செனட் சபையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், கோதுமை விலை, மருந்து விலை, போர், பட்ஜெட் எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, பெங்களூரு அடுகோடியில் அண்ணன் வீட்டு மாடியறையில் படுத்திருக்கும் பெஞ்சமின் என்பவனின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காதே என்று உத்தரவு போட்டுவிட்டார். இதை நான் நம்பினேன். ஒன்பது நாள் நம்பினேன். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் நம்பினேன்.

அந்த பெஞ்சமின் நான்தான். அடுகோடியில் பிறந்து வளர்ந்து, இருபது வருஷமாக அமெரிக்காவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். தானியம் அரைக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை. இருபது வருஷம் ஆனாலும் இன்னும் விசாவில்தான் இருக்கிறேன். கிரீன் கார்டு க்யூ நீளம். நம்மூர் ரேஷன் கடை க்யூவில் செருப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். இந்த க்யூவில் அந்த வசதி இல்லை.

விசா காலாவதி ஆனால் வெளிநாடு போய்ப் புதிதாகப் பாஸ்போர்ட்டில் ஒட்டி வாங்கிக்கொண்டு வர வேண்டும். இதற்கு எங்கள் பாஷையில் ஸ்டாம்பிங் என்று பெயர். அதற்குத்தான் இந்த மே மாதம் வந்திருந்தேன். மூன்றாவது வாரக் கடைசி சனிக்கிழமை என் ஒரே மகள் ரீட்டாவுக்குப் பள்ளிப் படிப்பு முடிகிற விழா. அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்டுக்கொண்டு மேடை ஏறுவாள். அது முடிந்து இரண்டு மாதத்தில், காரில் போனால் இரண்டு நாள் ஆகும் தூரத்துக் கல்லூரிக்குப் போய்விடுவாள். அந்தச் சனிக்கிழமைக்குள் நான் திரும்பியாக வேண்டும். என் கவலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானே சேர்த்துக்கொண்டது.

2

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாநிலத்து செனட்டர். மாதாமாதம் எங்கள் தபால்பெட்டிக்கு அவருடைய செய்திமடல் வரும். எனக்கு ஓட்டு கிடையாது. அது அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் பெரிய மனசு.

வருஷக்கணக்காக வாசித்ததில் அவருடைய கொள்கைகள் எனக்கு மனப்பாடம். நஷ்டத்தில் ஓடினாலும் கிராமத்துத் தபாலாபீஸை மூடக்கூடாது. தபால்காரர் எட்டிப் பார்க்காத வீட்டுக் கிழவரை வேறு யார் எட்டிப் பார்ப்பார்கள் என்பது அவர் வாதம். சின்ன ஊர் மருந்துக் கடைகளை அரசாங்கம் காப்பாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் போன் இருக்கக்கூடாது. வருஷத்துக்கு இரண்டு தரம் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற பைத்தியக்காரத்தனத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு, "சரியாச் சொன்னாருய்யா" என்று தொடையில் தட்டிக்கொள்வேன். என் மனைவி எலிசபெத், "உங்க மாமனாரா அவரு?" என்று கேட்பாள்.

ஒரு தரம் நேரிலும் பார்த்தேன். ஊர்ச் சந்தையில், காகிதத் தட்டில் ஆப்பிள் பணியாரம் மாதிரி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். என் கையைக் குலுக்கி, "உங்க பக்கம் மழை எப்படி?" என்று கேட்டார். நான் பதற்றத்தில் அடுகோடி மழையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் பெய்தால் கால்வாய் பொங்கி வீட்டுக்குள் வந்துவிடும் என்றேன். பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அந்தக் கால்வாய் யார் பொறுப்பில் இருக்கிறது, மாவட்டமா நகராட்சியா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற உதவியாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுகோடி தன்னுடைய மாநிலத்தில்தான் எங்கேயோ இருக்கிறது என்று அவர் நினைத்தார். திருத்த எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கால்வாயைப் பற்றி அவ்வளவு அக்கறையாகக் கேட்ட முதல் அரசியல்வாதி அவர்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவன் வரட்டும், அவன் பெண்டாட்டிக்கு வேலை செய்ய அனுமதி கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். எலிசபெத் எங்கள் ஊரின் ஒரே மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பாதி ஊருக்கு அவள்தான் மாத்திரை எண்ணிப் போடுகிறாள். அவளை வீட்டில் உட்கார வைத்தால் கடையை மூட வேண்டியதுதான். பெரியவரின் ஒரு கொள்கை இன்னொரு கொள்கையின் கழுத்தைப் பிடிக்கிறது. இதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டாமா?

நான் சொன்னேன். அதாவது, எழுதினேன்.

3

வாலிப வயதில் அடுகோடியில் எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவன் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும், வெட்கம் கிடையாது, இரண்டும் போதும். தெருவிளக்கு, தண்ணீர் லாரி, விதவைப் பென்ஷன் எல்லாம் என் பேனாவிலிருந்து போனதுதான். மனுவுக்கு ஒரு இலக்கணம் உண்டு. முதல் பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. இரண்டாவது பக்கத்தில் நம் தாழ்மை. கடைசிப் பக்கத்தில், ஆள் நன்றாகக் குளிர்ந்த பிறகு, ஓரமாகக் கோரிக்கை. முடிவில் இணைப்பு. இணைப்பு இல்லாத மனுவை எவனும் மதிக்கமாட்டான். சிம்னி விளக்கு மனுவுக்குக்கூட மின்சார பில்லைச் சேர்த்தவன் நான்.

செனட்டருக்கும் அப்படித்தான் எழுதினேன். நான்கு பக்கம். நானாக நினைத்துக்கொண்டது: எரிமலை மாதிரி எழுதிவிட்டோம். இனி அவர் தூங்கமாட்டார். எலிசபெத் வாசித்துவிட்டு, "திட்டுறது எங்கே இருக்கு?" என்று கேட்டாள். "ஊன்றிப் படி" என்றேன்.

உள்ளூரிலேயே இருக்கும் அவருடைய கிளை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் விமானம் ஏறினேன்.

4

நேர்காணல் சென்னையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். என் காகிதங்களைப் புரட்டினார். ஒரு தரம், இரண்டு தரம், பிறகு கொஞ்சம் நிதானமாக மூன்றாம் தரம். அப்புறம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு சீட்டை நீட்டினார். அதில், 'உங்கள் கம்பெனிக் கடிதத்தை முழுமையாகக் கொடுக்கவும்' என்ற இடத்தில் ஒரு டிக்.

நான் முழுமையாகத்தான் கொடுத்தேன்! மூன்று பக்கக் கடிதம். என் கையால் ஃபைலில் வைத்தேன். கொடுத்த காகிதத்தைக் கொடு என்று கேட்டால் என்ன அர்த்தம்? நம்மூர் ஆபீஸ்களில் புழங்கியவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். இது சாக்கு.

பெங்களூருக்கு பஸ் ஏறி, அத்திபெலே செக்போஸ்ட் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது எலிசபெத் போன் செய்தாள். செனட்டரிடமிருந்து பதில் வந்திருக்கிறது.

"படி" என்றேன்.

"ரெண்டே வரிதாங்க. உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டோம், உங்க ஆதரவுக்கு நன்றின்னு போட்டிருக்கு."

"குறிச்சுக்கிட்டோம்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"ஆதரவுக்கு நன்றின்னு வேற குத்துறாரா?"

"குத்துறாரா? பிரிண்ட் பண்ண கடிதாசிங்க அது. கம்பெனில சொல்லி புது லெட்டர் ஒண்ணு வாங்குங்க, முடிஞ்சுது."

"புதுசு குடுத்தா, முதல்ல குடுக்கலைன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் எலிசபெத். அதைத்தான் அவங்க எதிர்பார்க்குறாங்க."

"வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

5

என் அண்ணன் ஆரோக்கியசாமி அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். உலகத்தின் எந்தச் சிக்கலும் அவருக்கு ஒரு நட்டும் ஒரு போல்ட்டும்தான். கதையைக் கேட்டுவிட்டுக் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"பெரிய மனுசனைப் பத்தி எதுக்குடா எழுதினே?"

"அவர் கொள்கை தப்புண்ணே."

"தப்பாவே இருக்கட்டும். உன் பாஸ்போர்ட்டு சரியா இருக்குதா இப்போ? கார்ப்பரேட்டரைத் திட்டிட்டு இங்கே எவனாவது வீட்டுக்குக் காத்தா பத்திரம் வாங்கியிருக்கானா? ஒரு கூடை ஆப்பிள், ஒரு சால்வை. போய்ப் பாத்திருக்கணும்."

"அங்க ஆப்பிள் அவர் தோட்டத்துலயே இருக்குண்ணே."

"அப்போ ஆரஞ்சு கொண்டுபோ. இதுகூடவா நான் சொல்லணும்?"

பட்டறை வாசலில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் நஞ்சுண்டா. என்னுடன் படித்தவன். கன்னடக்காரன், ஆனால் அடுகோடித் தமிழ் என்னைவிடச் சரளம்; மகனே என்பதற்கு 'மகா', விடு என்பதற்கு 'பிடு' மட்டும் கன்னடத்தில் வரும். வார்டில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஊர்வலத்தில் முன்வரிசையில் இருப்பான்.

"பெஞ்சு, டென்ஷன் ஆகாதே மகா. உங்க செனட்டருக்குப் பொறந்த நாள் எப்போ?"

"போன மாசம்னு நினைக்கிறேன். ஏன்?"

"பரவாயில்லை பிடு. லேட்டா வாழ்த்தினாலும் வாழ்த்துதான்."

மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். முக்கில், மின்கம்பத்துக்கும் புங்க மரத்துக்கும் நடுவே பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். நடுவில் எங்கள் பெரியவர். தலையில் ஜரிகை வைத்த மைசூர் பேட்டாத் தலைப்பாகை, தோளில் சால்வை, கழுத்தில் ஏலக்காய் மாலை. எல்லாம் கம்ப்யூட்டரில் சாத்தியது. அந்தச் சிவந்த முகத்துக்குப் பேட்டா என்னமாய்ப் பொருந்தியது தெரியுமா! மேலே கன்னடத்தில் 'படவர பந்து', ஏழைகளின் உறவினர் என்று. கீழே தமிழில் 'அண்ணாரின் பொற்பாதங்களில்'. வழக்கப்படி அடியில் வாழ்த்துகிறவர்களின் படங்கள் வரிசையாக: நஞ்சுண்டா கைகூப்பிக்கொண்டு, அண்ணன் லேத் மெஷினோடு, எலெக்ட்ரீஷியன் பாபு, யார் என்றே தெரியாத இரண்டு பேர், கடைசியில் என் கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த நான். என் தோளில் எலிசபெத்தின் கை மட்டும் மிச்சம் இருந்தது.

"யாருப்பா இந்த தாத்தா?" என்று பால்காரர் கேட்டார்.

"அமெரிக்கா எம்.பி."

"நம்ம வார்டுக்கு நிக்கிறாரா?"

நஞ்சுண்டாவைப் பிடித்து உலுக்கினேன். "டேய், இது அவர் கண்ணுல பட்டா?"

"பாக்கணும்னுதானே மகா போட்டிருக்கேன்? உங்க ஆளுங்க போட்டோ எடுத்து மேலே அனுப்புவாங்க. ஆள் குளிர்ந்துடுவாரு."

நான் மனு எழுதியபோது நினைத்ததும் இதேதான். அவன் ஃப்ளெக்ஸில் செய்ததை நான் நான்கு பக்கத்தில் செய்திருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாநகராட்சி ஆட்கள் மத்தியானமே வந்து ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்தும், பெரியவரின் கை அடுகோடி வரை நீண்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

6

அமெரிக்காவில் என் மகளோடு நான் பேசுவது பெரும்பாலும் கதவோடுதான். "சாப்பிட்டியா?" என்று கதவிடம் கேட்பேன். "யா" என்று கதவு சொல்லும். வருஷாவருஷம் அவளுடைய தமிழ் தேய்ந்தது. என் தைரியமும் தேய்ந்தது. ஆனால் ஒன்பதாம் நாள், அந்த ஃப்ளெக்ஸின் படத்தை அண்ணன் குடும்பக் குழுவில் போட்டதும், ரீட்டா தானாக எனக்குப் போன் செய்தாள். நினைவு தெரிந்து அதுதான் முதல் தரம்.

இங்கே சாயங்காலம். மாடியறை ஜன்னலுக்கு வெளியே பட்டறைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. அவள் பேசவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, அந்தத் தொப்பி! பெரியப்பா அங்கிள் ஏன் மெஷினைக் கட்டிப் பிடிச்சிருக்கார்?"

"ரீட்டா, இது சிரிக்கிற விஷயம் இல்லம்மா. சனிக்கிழமைக்கு நான் வர முடியாமப் போகலாம்."

சிரிப்பு நின்றது.

"ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். எரிமலை, 'குறித்துக்கொண்டோம்', சீட்டு, டிக், மேலிடம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவும் முதல் தரம்.

"அப்பா, செனட்டர் ஆபீஸுக்கு போன் பண்ணீங்களா?"

"அவரைத் திட்டிட்டு அவர்கிட்டயே எப்படிம்மா உதவி கேக்கறது? முகத்துல எப்படி முழிக்கறது?"

"அவர் போனை எடுக்கமாட்டார்ப்பா. அங்க ஒரு டீமே இருக்கு. விசா, பென்ஷன், தபால் வரலைன்னா, எல்லாத்துக்கும் ஹெல்ப் பண்றது அவங்க வேலை. நீங்க திட்டினாலும் வேலைதான், திட்டலைன்னாலும் வேலைதான். எங்க சிவிக்ஸ் டீச்சர் சொல்லியிருக்காங்க."

"ஆரஞ்சு ஏதாவது..."

"என்னது?"

"ஒண்ணும் இல்லை."

என் சார்பில் அவள் அந்த ஆபீஸில் பேச ஒரு சம்மதப் படிவம் தேவைப்பட்டது. அனுப்பினாள். கையெழுத்துப் போட்டேன். படிவத்தின் கீழே பணிவன்புடன் என்று எழுதப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது நாளில் அவர் செய்த ஒரே அரசியல் காரியம் அதுதான், ஆனால் சரியான காரியம்.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் அவளே கூப்பிட்டாள். குரலில் எலிசபெத்தின் தொனி இருந்தது. ஜாக்கிரதையானேன்.

"அப்பா, அந்த லெட்டர்ல அவரை பயங்கரமா திட்டினீங்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டேன்."

"செனட்டர் ஆபீஸ்ல போன் எடுத்த அக்கா எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. எங்கள் மாநிலத்தின் கலங்கரை விளக்கே-ன்னு ஆரம்பிக்குது."

"அது சும்மா மரியாதைக்கும்மா."

"மூணு பக்கம் மரியாதையா? எதிர்க்கிறேன்னு ஒரு இடத்துலகூட இல்லையாம். தாங்கள் மனம் வைத்துப் பரிசீலித்தால் மகிழ்வேன்னு முடியுது. நீங்க அந்த பில்லுக்கு சப்போர்ட்டுன்னு போட்டு வச்சிருக்காங்கப்பா. அதான் ஆதரவுக்கு நன்றின்னு வந்திருக்கு. அம்மாவை வேலையை விட்டு நிறுத்துற பில்லுக்கு, நீங்க சப்போர்ட்!"

பின்னால் எலிசபெத்தின் குரல் கேட்டது. "நான் அப்பவே கேட்டேன், திட்டுறது எங்கேன்னு."

மாடியறையில் உட்கார நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா" என்றாள் ரீட்டா. இப்போது அவள் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. சிரிப்பை அடக்குவதற்காகவும் இருக்கலாம். "அந்த லெட்டர் பின்னாடி ஒரு பேஜ் ஸ்டேபிள் பண்ணியிருக்காம். இணைப்பு: ஒன்றுன்னு. உங்க கம்பெனி லெட்டர்ல நடுப்பக்கம்."

நான் உழைத்துப் பிழைக்கிறவன் என்பதற்குச் சான்றாக ஒரு இணைப்பு வேண்டுமே என்று, மேஜைமேல் இருந்த கம்பெனிக் கடிதத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லும் பக்கத்தை எடுத்துச் சேர்த்தேன். நகல் எடுத்துச் சேர்த்ததாகத்தான் நினைவு. சேர்த்தது அசல். சென்னையில் அந்த இளைஞர் மூன்று தரம் புரட்டித் தேடியது அதைத்தான்.

"அதை ஸ்கேன் பண்ணி இப்பவே அனுப்புறாங்களாம்" என்றாள். "அப்பா? அழறீங்களா?"

"இல்லம்மா. ஜலதோஷம்."

"பெங்களூர்ல மே மாசமா?"

"இங்க எப்போ வேணும்னாலும் ஜலதோஷம் வரும். பெரியப்பாகிட்ட கேளு."

அந்தப் பக்கத்தை மறுநாள் கொடுத்தேன். நான்காம் நாள் பாஸ்போர்ட் வந்தது. நஞ்சுண்டா இன்றுவரை அதை ஃப்ளெக்ஸின் மகிமை என்றே தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறான். மறுத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

7

திரும்பி வந்ததும் செனட்டருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். ரீட்டா என் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்து, 'மாண்புமிகு'வில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். கலங்கரை விளக்கை அடிக்கும்போது மட்டும், "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள். கடைசியில் மிஞ்சியது மூன்று வரி: இந்த மசோதாவை நான் எதிர்க்கிறேன். என் மனைவி வேலை செய்யாவிட்டால் எங்கள் ஊர் மருந்துக் கடை மூடப்படும். நீங்கள் அந்தக் கடை திறந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். வாசித்துப் பார்த்தால், துணியில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. அனுப்பிவிட்டேன். இணைப்பு இல்லை.

பெரியவர் மனம் மாறினாரா என்று கேட்பீர்கள். மாறவில்லை. மசோதாவும் நகரவில்லை. தபாலாபீஸைப் பற்றி இந்த மாதம் நன்றாக எழுதியிருக்கிறார், தொடையில் தட்டிக்கொண்டேன். எலிசபெத் மருந்துக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பேட்டா கட்டிய பெரியவரின் படம் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஒட்டியது ரீட்டா.

நடந்தது இவ்வளவுதான். செனட்டர் என் பாஸ்போர்ட்டை நிறுத்தவில்லை; என் கடிதத்தை அவர் பார்க்கவே இல்லை. தொலைந்த பக்கத்தை அவருக்குத் தபாலில் அனுப்பியவன் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினேன். சனிக்கிழமை காலை, பள்ளி மைதானத்தில் ரீட்டாவின் முழுப்பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டபோது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.